தோழாவில் துணி துவைத்தது யார்?

தமிழ் சினிமாவில் ஒருவருக்குக் கை கால் முடங்கிவிட்டால், வெகுகாலம் அவருக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. படம் முடிவதற்குள் குணமாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போக வேண்டும். 1959-ல் வந்த 'பாகப்பிரிவினை'யில் சிவாஜி ஒரு கையையும் காலையும் இழுத்துக்கொண்டு நடப்பார். அந்த நடையைப் பார்த்தவர்கள் இன்றுவரை மறக்கவில்லை. ஆனாலும் கடைசியில் கை கால் சரியாகிவிடும். 1990-ல் வந்த 'அஞ்சலி'யில் குழந்தை இறந்துபோகும். தியேட்டரே அழுதது. நானும் அழுதேன். இரண்டு முடிவிலும் டைரக்டருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மறுநாள் காலையில் பல் தேய்த்துவிடுவது யார், குளிப்பாட்டுவது யார் என்ற கேள்வி வராது.

அந்தக் கேள்விக்குள் கொஞ்சமாவது காலை வைத்த படங்கள் என்று எனக்கு உடனே ஞாபகம் வருபவை இரண்டு. 2016-ல் வந்த 'தோழா', 2019-ல் திரைக்கு வந்த 'பேரன்பு'. ஒன்று ஜாலியான படம், இன்னொன்று நெஞ்சைப் பிசைகிற படம். சேர்த்துப் பேசுவது சிலருக்குப் பிடிக்காது. இரண்டிலும் கதாநாயகன் உடம்பு முடியாதவர் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறவர். அதனால்தான் சேர்க்கிறேன்.

முதலில் 'தோழா'. 2011-ல் வந்த 'தி இன்டச்சபிள்ஸ்' என்ற பிரெஞ்சுப் படத்தின் முறையான ரீமேக் இது. (டிவிடி வாங்கிக் கதையைச் சுடாமல், உரிமை வாங்கி எடுத்ததற்கே தனியாக ஒரு சபாஷ் போட வேண்டும்.) பிரெஞ்சுப் படத்துக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை உண்டு. பிலிப் போட்சோ தி போர்கோ என்ற பெரும் பணக்காரர் 1993-ல் பாராகிளைடிங்கில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அப்தெல் செலு என்ற அல்ஜீரிய வம்சாவளி இளைஞர். போட்சோ தி போர்கோ 2023-ல்தான் காலமானார். விபத்துக்குப் பின் முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறார். சினிமாவில் தப்பிப்போகிற விஷயம் இந்த முப்பது வருடம்தான்.

தமிழில் அந்தக் கோடீஸ்வரர் நாகார்ஜுனா. ஜெயிலிலிருந்து வெளியே வந்து, என்ன வேலை என்றே தெரியாமல் வந்து சேர்கிறவர் கார்த்தி. படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள் வரிசையில் நிற்க, எதுவுமே தெரியாத இவரை முதலாளி எடுத்துக்கொள்கிறார். காரணம், இவன் ஒருத்தன்தான் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை.

கைதட்டல் வாங்குகிற இடம். பரிதாபம் ஒரு பெரிய வன்முறை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோயில் வாசலில் வீல்சேரில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையில், அவர் கேட்காமலே ஒரு அம்மாள் பத்து ரூபாயைத் திணித்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அவர் சாமி கும்பிட வந்தவர். அது வேறு விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள், வேறு எந்த வேலைக்காவது 'ஒண்ணும் தெரியாது, ஆனா நல்ல மனசு' என்ற தகுதிக்கு இப்படிக் கைதட்டுவோமா? டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆனா தங்கமான பையன் என்றால் பஸ்ஸில் ஏறுவீர்களா?

கழுத்தெலும்பில் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்வது என்பது நுணுக்கமான வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். தவறினால் படுக்கைப்புண். அது தோலோடு நிற்காது, எலும்பு வரை போகும், உயிரையும் வாங்கும். சிறுநீர் டியூப் மடங்கி அடைத்துக்கொண்டாலே போதும், ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி மண்டை பிளக்கும். அது தலைவலி மாத்திரையில் தீருகிற சமாச்சாரம் இல்லை, டியூபைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மலம் கழிக்க வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதற்கு, மாற்றுகிறவரின் இடுப்பு உடையாமல் மாற்றுவதற்கு, ஒரு வித்தை இருக்கிறது. இதில் எதுவும் நல்ல மனசிலிருந்து தானாக ஊறி வராது. யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

சிவகிரியில் எனக்கு வேண்டப்பட்ட ஒரு வீடு இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில், மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கிற ஊர். அந்த வீட்டில் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போன ஒருவர் இருக்கிறார். கைகளிலும் முழுத் தெம்பு கிடையாது. முப்பது வயசைத் தாண்டியவர். பார்த்துக்கொள்வது அம்மா. அம்மாவுக்கு அறுபதுக்கு மேல். அப்பா இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது டிவியில் 'தோழா' ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தோம்.

அவர் சிரித்துச் சிரித்துத்தான் பார்த்தார். நடுவில் ஒரு தடவை மட்டும், "கார்த்தி தூக்குததப் பாத்தீகளாண்ணே? தலகாணியத் தூக்குத மாரி தூக்குதாரு" என்றார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏய்யா, இந்தப் படத்துல துணி தொவைக்கிறது ஆரு?" என்று கேட்டார்.

"பணக்கார வீடும்மா, அதுக்குன்னு ஆள் இருக்கும்."

"அந்த ஆளக் காட்டலையே."

இந்த ஒரு வரி விமரிசனத்துக்கு மேல் 'தோழா' பற்றி எழுத எனக்குச் சரக்கு இல்லை. உடம்பு முடியாதவர் இருக்கும் வீட்டில் வேலை என்பதே பாதி துணிதான். விரிப்பு, சாரம், துண்டு, மறுபடி விரிப்பு. மழைக்காலத்தில் காயாது. தென்காசிப் பக்கம் சாரல் பிடித்தால் நம்மைப் போன்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு ஓடுகிறோம். அந்த வீட்டில் கொடியைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள்.

அம்மா அடுக்களைக்குப் போன பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "சில நாளு வெந்நி ரொம்பச் சூடா இருக்கும்ணே. கால்ல ஊத்தினா எனக்குத் தெரியாது, தோளுல பட்டாத்தான் தெரியும். சொல்ல மாட்டேன். இந்த வயசுல அவுக வெந்நி போட்டுத் தூக்கிட்டு வாறதே பெருசு. அதுல போயி நொட்டை சொல்லவா?"

உணர்ச்சியில்லாத காலில் சூடு பட்டால் கொப்புளம் வரும், அது புண்ணாகும், ஆறாது. அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. அவசரத்தில் சில நாள் விளாவ மறந்துவிடும். இவரும் வாயைத் திறக்க மாட்டார். ஏன்? தியாகத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. வேலை என்றால் 'இது சரியில்லை, இப்படிச் செய்' என்று சொல்லலாம். ஓட்டலில் தோசை கருகினால் சொல்கிறோமே. தெய்வமாக நிற்கிற அம்மாவிடம் வெந்நீர் சூடு என்று எப்படிச் சொல்வது?

நாகார்ஜுனா சொல்லலாம். பிடிக்கவில்லையென்றால் கார்த்தியை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். அவர்கள் நட்பு அவ்வளவு அழகாக இருப்பதற்கு அடியில் இந்தச் சம்பளக் கணக்கு இருக்கிறது. படம் அதைப் பார்க்காத மாதிரி பாவனை செய்கிறது. சிவகிரியில் இவர் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்த முடியுமா?

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். போலியோவில் கழுத்துக்குக் கீழே முடங்கி, தூங்குவதற்கு இரும்பு நுரையீரல் என்கிற ராட்சத உருளைக்குள் போக வேண்டியவர். 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சண்டை போட்டு இடம் வாங்கினார். அவருக்கு உதவியாட்கள் இருந்தார்கள். அவரே ஆள் எடுப்பார், சொல்லிக்கொடுப்பார், சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவார். அவர் கோடீஸ்வரர் இல்லை. சம்பளத்துக்கு அரசாங்கப் பணம் கிடைத்தது. 1972-ல் அவரும் நண்பர்களும் ஆரம்பித்த மையத்திலிருந்துதான் 'சுதந்திரமாக வாழ்தல்' என்ற இயக்கமே உலகமெல்லாம் பரவியது. சுதந்திரம் என்றால் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்வது என்று அவர்கள் சொல்லவில்லை. எந்தச் சட்டை, எப்போது, யார் போட்டுவிடுவது என்று தீர்மானிப்பதைத்தான் சொன்னார்கள்.

'பேரன்பு'க்கு வருவோம். ராமின் இந்தப் படம் 'தோழா'வைவிடப் பல மடங்கு நேர்மையானது. மூளைமுடக்குவாதம் உள்ள வயசுக்கு வந்த மகளை அம்மா விட்டுவிட்டுப் போக, வெளிநாட்டில் இருந்த அப்பா திரும்பி வந்து தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மம்மூட்டியும் சாதனாவும் நடிக்கவில்லை, இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் அப்பா கையால் துணி மாற்றிக்கொள்ள அந்தப் பெண் கூசுகிற காட்சி தமிழில் அதற்கு முன் யாரும் தொடாதது. உதவி வாங்குகிறவருக்கும் ஒரு தேர்வு உண்டு, இவரிடம் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு என்பதை ராம் ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டார். அந்தக் காட்சிக்காகவே நான் இந்தப் படத்தோடு சண்டை போடப் பிரியப்படுகிறேன். கண்டுகொள்ளாத படத்தோடு என்ன சண்டை?

அப்பாவால் முடியாதபோது ஒரு பெண் வீட்டு வேலைக்கு வருகிறாள். அஞ்சலி நடித்த பாத்திரம். மகள் அவளிடம் ஒட்டிக்கொள்கிறாள். அப்பாடா என்று நாம் மூச்சுவிடும்போது, அவள் அந்த வீட்டைப் பறிக்கிற திட்டத்தோடு வந்தவள் என்று தெரிகிறது. படத்தில் காசு வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்ட முக்கியமான ஒரே ஆள் ஏமாற்றுக்காரி. ராம் அவளை வெறுக்கவில்லை, அவள் ஏழ்மையைப் புரிந்துகொண்டு மன்னித்தும் விடுகிறார். ஆனால் கதையின் கணக்கு மாறுவதில்லை. அப்புறம் பட்டணம், அலைச்சல், ஒரு கட்டத்தில் மகளோடு கடலுக்குள் இறங்குகிறார். கடைசியில் மீரா என்ற திருநங்கை துணையாக வந்து சேர, குடும்பமாகிறார்கள். ஒரு திருநங்கையைக் கதையின் கரை சேர்க்கிற ஆளாக வைத்தது பெரிய விஷயம். ஒப்புக்கொள்கிறேன். அதே நேரம், பிரச்னை தீர்ந்தது எப்படி? கல்யாணத்தால்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில், சான்றிதழோடு வந்தவர்களுக்கு இடமில்லை, நல்ல மனசுக்காரன் போதும். இன்னொன்றில், கூலிக்கு வந்தவள் துரோகி, அன்புக்கு வந்தவள் தேவதை. பார்த்துக்கொள்வது அன்பினால் மட்டுமே செய்யக்கூடியது, காசு பேசினால் அசிங்கம் என்று நம் சினிமா உறுதியாக நம்புகிறது. அன்பு உள்ளவர் யார்? அம்மா. பொண்டாட்டி. அக்கா. 'பேரன்பு'வில் அப்பா என்பதுதான் விதிவிலக்கு, அதனால்தான் அது ஒரு படமே ஆயிற்று. ஒரு அம்மா அதையெல்லாம் செய்தால் யார் கதை எழுதப்போகிறார்கள்?

சினிமாவை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. சட்டமே இப்படித்தான் யோசித்திருக்கிறது. பிரிட்டனில் 1976-ல் ஒரு நல்ல திட்டம் கொண்டுவந்தார்கள். ஊனமுற்றவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு அரசாங்கம் பணம் தரும். ஆனால் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது! அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்று நினைப்பு. ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். அவர் வழக்குப் போட்டு, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986-ல் ஜெயித்தார். மனைவிமார் செய்வதும் வேலைதான் என்று ஒப்புக்கொள்ளப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

நம் ஊரில் 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016-ல் வந்த புதுச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அந்தச் சட்டத்தில், அதிகத் துணை தேவைப்படுகிறவர்களுக்குப் பார்த்துக்கொள்பவருக்கான படி என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு அது முக்கியமான வரியாகப் படுகிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். ஒரு நாளைக்கு அறுபத்தாறு ரூபாய் சொச்சம். அதற்குள் மருந்து, டியூப், கையுறை, பஞ்சு எல்லாம் வாங்கிவிட்டு, மிச்சம் இருந்தால் அம்மாவுக்குக் கூலி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்திரிகைக்காரர்கள் எங்களுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. தன்னம்பிக்கைக் கட்டுரை. கையில்லாமல் காலால் எழுதிப் பாஸானார், வீல்சேரில் உட்கார்ந்தே சாதித்தார் என்று ஒரு போட்டோவோடு வரும். போட்டோவின் ஓரத்தில் வீல்சேர் கைப்பிடியைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள் தெரியும். ஆள் தெரிய மாட்டார். லே-அவுட்டில் வெட்டியிருப்பார்கள்.

இப்படிக் கட்டுரைகள் அதிகம் எழுதப்பட்ட ஒருவர் சிவகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி போனால், பக்கத்தில் ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் அங்கே உள்ளவர். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தவர், 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடல்தகுதிச் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டது. அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ராணுவ மருத்துவமனையில் தன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்து, 1981-ல், ஐ.நா. சபை ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்த அதே வருடத்தில், அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். கூரைக் கொட்டகையில் சில குழந்தைகளோடு தொடங்கியது. 1992-ல் சங்கரராமன் வந்து சேர்ந்தார். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், தசைச்சிதைவு நோய் உள்ளவர், அவரும் வீல்சேர்தான். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

தன்னம்பிக்கைக் கட்டுரைகள் இங்கே முற்றும் போட்டுவிடும். எனக்குச் சுவாரஸ்யமான பகுதி இதற்குப் பிறகுதான். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க இன்னொருவர் கை வேண்டியவர் தலைமையில் ஒரு நிறுவனம் வளர்ந்தால் அது என்ன செய்யும்? கட்டடம் கட்டும், பள்ளிக்கூடம் நடத்தும், எல்லாரும் செய்வதுதான். இவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். இது அலங்காரத் திட்டம் இல்லை, அவசியம். நம் பஸ்ஸில் வீல்சேரை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை, கலெக்டர் ஆபீஸில் ஒரு வேலை என்றால் சிவகிரிக்காரர் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். படுக்கையில் இருக்கிறவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அதனால் பயிற்சி வீட்டுக்கு வருகிறது. கையில் ஒரு டேப்லெட்டோடு வருகிற பணியாளர், குழந்தைக்கு எப்படிக் காலை நீட்டி மடக்க வேண்டும், எப்படிப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லித்தருகிறார். சம்பளத்துக்குத்தான் வருகிறார். துரோகியும் இல்லை, தேவதையும் இல்லை. திரும்ப வரும்போது போன தடவை சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்பார். சரியாகச் செய்யவில்லையென்றால் மறுபடி காட்டுவார்.

கவனியுங்கள், அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர், அம்மா செய்வதைத் திருத்தலாம் என்று ஆகிறது. அம்மாவும் கோபித்துக்கொள்வதில்லை.

அவர்கள் பார்க்கிற இன்னொரு விஷயம் பார்த்துக்கொள்பவரின் சுமை. உலகத்தில் பல இடங்களில் பயன்படுகிற ஒரு கேள்வித்தாள் அதற்கு உண்டு. பதிமூன்று கேள்விகள். ராத்திரித் தூக்கம் கெடுகிறதா? உடம்புக்கு முடியாமல் போகிறதா? பணம் கட்டுப்படியாகிறதா? வேலைக்குப் போவதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததா? ஆமாம், சில சமயம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். கண்ணீர் விட வேண்டிய அவசியமில்லை.

'பேரன்பு' அப்பாவிடம் யாராவது ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து இந்தப் பதிமூன்றையும் கேட்டிருந்தால் அது வேறு படமாகியிருக்கும். இதைவிட நல்ல படமாகியிருக்குமா என்று கேட்டால், ராமே சொல்ல வேண்டும். கடல் சீன் தேவைப்பட்டிருக்காது என்று மட்டும் நான் சொல்வேன்.